வீரமுனைக் கிளையின் வெள்ளிக்கிழமை

நப்லாவைத் தலைக்கனம் பிடித்தவள் என்று சிலர் சொல்வார்கள். வேலை தெரிந்தவளுக்கு அவ்வளவாவது இருக்கட்டுமே என்பேன் நான். எங்கள் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கல்முனையில் தலைமையகம். நப்லா அங்கே கணினிகளுக்குப் பொறுப்பு. ஒலுவில், வரிப்பத்தான்சேனை, நான் வேலை பார்க்கும் வீரமுனை என்று ஊரூராய்க் கிளைகள். கணினிகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். ஒன்றில் தமிழ் எழுத்து வராது, மற்றதில் பிரிண்டர் வேலை செய்யாது.

நப்லா முதலில் தன் லெப்டொப்பை எடுத்தாள். சங்கத்துக்கு வேண்டியதையெல்லாம் அதில் ஒழுங்காக அமைத்தாள். அதை அப்படியே படியெடுத்து, கல்முனையில் இருந்தபடியே எல்லாக் கிளைக் கணினிகளிலும் இறக்குவது அவள் திட்டம். அந்தப் படியை 'இமேஜ்' என்பார்கள். இனி எந்தக் கணினிக்கு முன்னால் இருந்தாலும் சொந்த மேசைதான் என்று முகாமையாளர் ஸிராஜிடம் அடித்துச் சொன்னாள். அவர் அரை மனதோடு சம்மதித்தார். ஒரு கிளையில் வேலை நின்றாலும் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

இமேஜ் இறங்குவதற்கு வெள்ளிக்கிழமை நடுப்பகல் ஜும்ஆத் தொழுகை நேரத்தைக் குறித்தாள். ஆண்கள் பள்ளிவாசலுக்கும் பெண்கள் வீட்டுக்கும் போய்விட, அலுவலகம் வெறிச்சென்று கிடக்கும். தலைமையகத்தில் எல்லோரும் முஸ்லிம்கள், ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. வீரமுனையில் நாங்கள் எல்லோரும் இந்துத் தமிழர். வெள்ளி நடுப்பகல் எங்களுக்கு நல்ல வேலை நேரம் என்பது அவர்கள் நினைவிலேயே இல்லை.

அன்றைக்குப் பயிர்க் காப்புறுதிக்குப் பதிவதற்குக் கடைசி நாள் வேறு. விவசாயிகள் வரிசையில் நிற்க, எங்கள் கணினிகள் எல்லாம் தம்பாட்டில் அணைந்து புதிதாகத் தொடங்கின. கிளைப் பொறுப்பாளர் மீனாம்பிகை அக்கா நப்லாவுக்குப் போன் போட்டார். இடையில் நிறுத்தினால் கணினிகள் எழும்பவே மாட்டா, தொடாதீர்கள் என்றாள் நப்லா. பிசைந்த சோற்றை வைத்துவிட்டு லெப்டொப்போடு ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள். முகம் சிவந்திருந்தது.

அக்கா கோபத்தை மறைக்கவில்லை.

"கொம்பியூட்டரெல்லாம் ஒரே மாதிரி ஆக்கினது சரி, பிள்ள. எங்கட வெள்ளிக்கிழமையையும் உங்கட மாதிரி ஆக்கிட்டீங்களே."

"என்ர பிழைதான் அக்கா. இந்தாங்க என்ர லெப்டொப், இதில வேலையத் தொடங்குங்க. எல்லாம் நான் சொன்ன மாதிரி, உங்கட சொந்த மேசையாத்தான் இரிக்கும்."

அந்தப் பேச்சில் மன்னிப்பும் இருந்தது, பழைய மிடுக்கும் இருந்தது. அக்கா லெப்டொப்புக்கு முன்னால் இருந்தார். ஒன்றும் கேட்காமலே பதிவுப் பக்கத்தைத் திறந்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. முதல் விவசாயியின் பெயர் பதிவானது, அடுத்தவரும் முன்னால் வந்தார். மற்றக் கணினிகள் ஒவ்வொன்றாய் எழும்பும்வரை வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. பதியாமல் ஒருவரும் திரும்பவில்லை. எனக்கு அவள்மேல் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு ஸிராஜ் அக்காவைப் போனில் அழைத்தார். வேலை நின்றதா என்பதுதான் அவர் கேள்வி. நப்லா அக்காவைப் பார்த்தாள்.

"இமேஜ் இறங்கிட்டுது சேர்," என்றார் அக்கா. "வேலை நிக்கல்ல."

போனை வைத்ததும் தன் சாப்பாட்டுப் பெட்டியை நப்லாவின் பக்கம் நகர்த்தினார்.

"எங்களுக்கு வெள்ளிக்கிழமை மரக்கறிதான். நீங்களும் தின்னலாம். அடுத்த முறை எங்களிட்டயும் நேரம் கேளுங்க."