பூத்ததை மட்டும் பறிக்கிறவள்

ஜப்பானின் யமகதா மலையில் பனி உருகியதும் ஊரே கூடையோடு காட்டுக்குள் இறங்கிவிடும். அதில் ஃபுசே ஒருத்திதான் ஆமை. வெள்ளைப் பூ விட்டிருந்தால்தான் நிரின்சோ கீரையைத் தொடுவாள். பூ இல்லாத செடி எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் தாண்டிப் போய்விடுவாள். ஏனென்றால் அதன் பக்கத்திலேயே, அச்சு அசலாக அதே இலையோடு, நாபி என்கிற விஷச்செடியும் முளைக்கும். தின்றால் ஆள் காலி. நாபி வசந்தத்தில் பூக்காது.

புருஷன் போன பிறகு பன்னிரண்டு வருஷமாக, இனோவின் விடுதிக்குக் கீரை கொடுத்துத்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. அன்று விடுதியில் நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு. இவள் அரைக் கூடையோடு போய் நின்றால், பக்கத்து வீட்டுக் குன்ஜி ஒரு சாக்கு நிறைய இளந்தளிரை அவிழ்த்து வைத்திருக்கிறான்!

“பாத்தியா அக்கா, பூக்கறதுக்குள்ள பறிச்சா எப்படிப் பஞ்சாட்டம் இருக்கு! நீ கீரை பறிக்கிறியா, ஜாடிக்குப் பூ பறிக்கிறியா?”

இனோ இவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “வருத்தப்படாத ஃபுசே. நாளையிலேருந்து குன்ஜியே கொண்டு வரட்டும்.”

அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஃபுசே சட்டென்று சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இதுல நாபி இருந்தா?”

“எங்க, எடுத்துக் காட்டு பாப்போம்!” என்றான் குன்ஜி.

“இலைய மட்டும் வச்சு என்னால சொல்ல முடியாதுடா. உன்னாலயும் முடியாது. அதுக்குத்தான் பூ. வா, நீ பறிச்ச இடத்தத் தோண்டுவோம். நாபின்னா வேர்ல கறுப்புக் கிழங்கு இருக்கும். நாபி இல்லேன்னா, இனி இந்தக் காட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்.”

காடு விடுதிக்குப் பின்னால்தான். இனோவும் கூடவே போனாள். முதல் செடியில் சன்னமான வேர். இரண்டாவதிலும் அப்படியே. நான்கு தோண்டியாயிற்று, ஒன்றும் இல்லை.

“போதும்க்கா, தோட்டம் போடப் போறியா?” என்று சிரித்தான் குன்ஜி.

ஃபுசே நிமிரவில்லை. பன்னிரண்டு வருஷப் பிழைப்பாயிற்றே! ஐந்தாவதை, அவன் கிள்ளிய காம்பு ஈரம் காயாமல் நின்றதை, அடியோடு பெயர்த்தாள். வேரில் கட்டைவிரல் பருமனுக்குக் கறுத்த கிழங்கு. சந்தேகமே இல்லை, நாபி.

குன்ஜி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். “ஐயையோ... நாப்பது உசுரு...”

“மொதல்ல கையக் கழுவு,” என்றாள் ஃபுசே.

இனோ சாக்கைத் தானே இழுத்துப் போய்க் குழியில் கொட்டி மூடினாள். அன்று சாப்பாட்டில் ஃபுசேயின் அரைக் கூடையிலிருந்து ஆளுக்கு ஒரு வாய் கீரைதான். “இவ்வளவுதானா?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

இனோ கூடத்து நடுவில் மண்டியிட்டு வணங்கினாள். “இவ்வளவுதாங்க. பூவப் பாத்து ஒவ்வொண்ணா பறிச்சது. பறிச்சவங்க அதோ நிக்கிறாங்க.”

நாற்பது தலைகளும் திரும்பின. சேறு அப்பிய உடுப்போடு வாசலில் நின்ற ஃபுசேக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரிப்புத்தான் ஜெயித்தது.

“நாளைக்கு எவ்வளவு வரும் ஃபுசே?” என்று இனோ தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“எவ்வளவு பூத்திருக்கோ அவ்வளவு.”