நான் வெட்டி எறிந்த ஓரம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம். ஆம்பூரை அடுத்த ஒரு கிராமத்தில் நான் நூலகராக இருக்கிறேன். நூலகத்துக்குப் புதிதாக ஒரு ஹால் கட்டியிருந்தார்கள். அதில் ‘நம்ம ஊர் நேற்று, இன்று’ என்று ஒரு கண்காட்சி வைக்கலாமே என்று கிளப்பிவிட்டவள் நான்தான். சும்மா இருக்கத் தெரியாதே எனக்கு! வீடு வீடாக ஏறி இறங்கி, பழைய போட்டோ, பத்திரம், திருவிழா நோட்டீஸ் என்று கிடைத்ததையெல்லாம் வாங்கி வந்தேன்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நீளமான ஒரு குரூப் போட்டோ. எங்கள் ஊரில் முன்பு ஒரு ஷூ கம்பெனி இருந்தது. அங்கே தையல் பிரிவில் வேலை பார்த்த பெண்கள், ஓர் ஆயுத பூஜை அன்று, பொட்டு வைத்த மிஷின்களுக்கு முன்னால் வரிசையாக நின்று எடுத்துக்கொண்டது. கம்பெனியை மூடியபோது சூப்பர்வைசர் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். “எனக்கு எதுக்கும்மா, நீயே வெச்சிக்கோ” என்று கொடுத்துவிட்டார்.

என்னிடம் இருந்த ஃபிரேமுக்குள் அது அடங்கவில்லை. வலது ஓரத்தில் நின்ற நாலு பேரும் கம்பெனி பஸ்ஸில் வந்து போன வெளியூர்ப் பெண்கள் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நம்ம ஊர்க் கண்காட்சியில் வெளியூர்க்காரர்கள் எதற்கு என்று நினைத்து, கத்தரிக்கோலால் அந்த ஓரத்தை நேராக வெட்டிக் குப்பையில் போட்டேன். மீதி ஃபிரேமுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

திறந்த அன்று ஊரே வந்தது. அந்த போட்டோவுக்கு முன்னால்தான் ஒரே கும்பல், ஒரே சிரிப்பு. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம், யாரும் இல்லாத நேரத்தில் ஓர் அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிகொண்டா பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாராம். கம்பெனி போட்டோ எங்கே என்று கேட்டார். அவருடைய மகள் அங்கே ஆறு வருஷம் வேலை பார்த்தவள். கல்யாணம் பேசியிருந்த நேரத்தில் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள். பிறகு ஆற்றில் வெள்ளம் வந்தபோது வீட்டோடு போட்டோக்களும் போய்விட்டன. கூட வேலை பார்த்த ஒருத்தி போன் செய்து, கம்பெனி போட்டோவை எங்கள் ஊரில் மாட்டியிருக்கிறார்களாம், அதில் உன் பெண்ணும் இருப்பாளே என்று சொல்லியிருக்கிறாள்.

“ஆதார் கார்டு போட்டோ ஒண்ணுதாம்மா மிச்சம். அதுல அவ அவளாவே இல்ல” என்றார்.

ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். “இன்னாம்மா, இதுல அவளக் காணோமே?” என்றவர், கடைசிப் பெண்ணிடம் வந்ததும் நின்றார். அவள் தோள்மேல், ஃபிரேம் ஓரத்திலிருந்து நீண்ட ஒரு கை மட்டும் இருந்தது. பச்சைக் கண்ணாடி வளையல்கள். அத்தனை நாளாக அது என் கண்ணில் படவே இல்லை.

“இது அவ கைதான். வளையல் நான் வாங்கினது. ஆளு எங்கம்மா?”

போட்டோவே இப்படித்தான் வந்தது என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது முடியவில்லை. இடம் போதாமல் நான்தான் வெட்டினேன் என்றேன். வெளியூர்ப் பெண்கள் என்பதால் வெட்டினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

“அந்தத் துண்டு எங்க போட்டீங்க?”

குப்பை வண்டி வந்து போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏரிக்கரையில் கொட்டி எரித்துவிடுவார்கள். அதைச் சொன்னதும் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. ஃபிரேமைக் கழற்றி, இதையாவது எடுத்துக்கொண்டு போங்கள் என்று நீட்டினேன். “வாணாம்மா. மத்த பொண்ணுங்கல்லாம் இருக்காங்க. அவங்களப் பெத்தவங்க வந்து பாப்பாங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். “வெட்டுறப்ப நீங்க பாத்திருப்பீங்க இல்ல? எம் பொண்ணு சிரிச்சிக்கினு இருந்தாளா?”

“சிரிச்சிக்கிட்டுதாம்மா இருந்தாங்க” என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. “அவ அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

போட்டோ எடுத்த ஸ்டூடியோ இப்போது செல்போன் கடை. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களில் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். வேறு பிரதி யாரிடமும் இல்லை. அந்த முகத்தைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தவள் நான். அவள் சிரித்தாளா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.