இன்ஜினில் வரைந்த முகம்

தொண்ணூறுகளின் நடுவில் வண்ணார்பேட்டையிலிருந்து வெளிவந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு நான் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தேன். ஏரல் பக்கத்து வாழைத்தாரெல்லாம் அப்போது ஒரே மண்டிக்காரர் கைக்குத்தான் போயாக வேண்டும். மற்ற மண்டிகளை ஒவ்வொன்றாக வாங்கி மூடிவிட்டார், லாரிகளும் அவருடையவைதான். அவர் வைத்ததுதான் விலை. பழுக்கிற சரக்கை வைத்துக்கொண்டு யார் முறைத்துக்கொள்ள முடியும்? ஏரலில் வாழை போட்டிருந்த என் தாய்மாமாவுக்கு அந்த வருஷமும் விலை கூடாவிட்டால் அடுத்த நடவு கிடையாது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மண்டிக்காரரை ரயில் இன்ஜினாக வரைந்தேன். கொதிகலனுக்குப் பதில் தொந்தி, விளக்கு இருக்கும் இடத்தில் முகம், பின்னால் பெட்டி பெட்டியாக வாழைத்தார். தண்டவாளத்துக்கு அடியில் கட்டைகளுக்குப் பதில் விவசாயிகளைக் குறுக்கே படுக்க வைத்தேன். முதல் ஆளுக்கு மாமாவின் முகம். பார்க்காமலே எனக்கு வரைய வரும் முகம் அது.

அடிக்க ஆள் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். ஊரையே இழுக்கிற இன்ஜின் என்று பெருமைப்பட்டு, படத்தைச் சட்டம் போட்டு மண்டியில் சாமி படங்களோடு மாட்டிவிட்டாராம். கீழே கிடந்தவர்கள் அவர் கண்ணில் படவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா விலை கேட்கப் போனார். நானும் கூடப் போனேன். அவர் கேட்டால் தாங்களும் கேட்பதாகச் சொல்லி மற்ற விவசாயிகள் வாசலில் நின்றார்கள். வழியெல்லாம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவர் மாமா. கார்ட்டூன் வந்தது தெரியுமே தவிர, அவர் அதைப் பார்த்ததில்லை.

உள்ளே பூஜை அப்போதுதான் முடிந்திருந்தது. எல்லாப் படத்துக்கும் சந்தனப் பொட்டு, பூச்சரம். என் இன்ஜின் நெற்றியிலும் பொட்டு. பொட்டு வைத்த படத்தைக் கண்டால் நம் ஊர்க்காரர் கை சும்மா இருக்காது. மாமா தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படமாகக் கும்பிட்டபடி நகர்ந்தார். கடைசிப் படத்துக்கு முன் கூப்பிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். சக்கரத்துக்குக் கீழே தன் முகத்தைப் பார்த்துவிட்டார்.

கல்லாவிலிருந்து மண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாக் கும்பிட்டுக்கிடும் வே," என்றார்.

மாமா ஒன்றும் கேட்காமல் வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பழைய விலைக்கே தங்கள் தாரை இறக்க ஆரம்பித்தார்கள்.

"கும்பிட்டுட்டேனே லே," என்றார் மாமா. "இனி எந்த வாய வச்சு வெல கேப்பேன்?"