மரியநாயகம் வாங்கிய சீடி பிளேயர்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மரியநாயகத்துக்குக் கடைக்காரர்களைக் கண்ணில் காட்டக்கூடாது. எல்லாரும் தகரத்தைத்தான் விற்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. பழைய இசைத்தட்டில் கேட்பதுபோல இதமான, கனத்த ஒலி தரும் சீடி பிளேயர் ஒன்று தேடி, மனைவி றீற்றாவையும் இழுத்துக்கொண்டு திருகோணமலைக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினார்.

சோதித்துப் பார்க்க அவர் கொண்டுபோனது ஒரே ஒரு சீடி. தவக்காலத்தில் கோவிலில் இரண்டு அணியாக நின்று மாறி மாறிப் பாடும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாட்டுகளைப் போன வருடம் பதிவுசெய்தது. ஓர் அணிக்கு அவர் தலைமை, மற்றதற்குச் சவிரிமுத்து. பதிவு நடந்த அன்று சவிரிமுத்து மைக்குக்குக் கிட்ட நின்றுகொண்டார் என்று அவரோடு மரியநாயகம் இன்றுவரை முகம்கொடுத்துக் கதைப்பதில்லை.

றுவைஸின் கடையில் காட்டியவற்றையெல்லாம் தள்ளிவிட்டார்.

"என்ன சாமான் இது? என்ர குரல் தகரம் மாதிரிக் கேக்குது."

"சவிரிமுத்தண்ணை பாடேக்க நல்லாத்தானே கேக்குது," என்றாள் றீற்றா.

"நீ வாயைப் பொத்திக்கொண்டிரு."

றுவைஸுக்கும் பொறுமை போய்விட்டது. மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றை எடுத்து வந்து பொத்தென்று வைத்தான். "அப்ப இதையும் கேளுங்க ஐயா. ஒருத்தரும் எடுக்காத சாமான்."

அதில் மரியநாயகம் தகரமாய் இரைந்தார். அடுத்த அடியில் சவிரிமுத்துவும் தகரமாகவே இரைந்தார். மரியநாயகம் அந்த அடியை மட்டும் இன்னொருமுறை போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார்.

"இதைக் கட்டித் தாரும்," என்றார். "இதுதான் உள்ளதை உள்ளபடி சொல்லுது."