தெம்பனிஸ் போகலாமா என்று கோழியைக் கேட்டவர்

வேலாயுதம் சிங்கப்பூரில் பல வருஷம் பேருந்து ஓட்டி ஓய்ந்தவர். ஓய்ந்தபின் நூலகத்தில் பழைய ரோமாபுரியைப் பிடித்துக்கொண்டார். செல்ல நாய்க்குக் கல்லறை கட்டிக் கவிதை வெட்டிய கையாலேயே, அரங்கில் சிங்கம் சாகும்போது கைதட்டினார்கள் என்று ரோமானியர்களை வாய் நிறையத் திட்டுவார். ஆனால் போருக்குப் போகுமுன் கோழிகளுக்கு இரை போட்டு, ஆவலாய்க் கொத்தினால் தெய்வச் சம்மதம் என்று கிளம்பினார்களே, அந்தக் கதை மட்டும் அவருக்கு உயிர். சம்மதம் நிச்சயமாக வேண்டுமென்றால் கோழியை முன்கூட்டியே பட்டினி போடுவார்களாம்.

மனைவி கண்மணிக்குத் தெம்பனிஸுக்கு வீடு மாற ஆசை. மகள் தாரணியும் பேரன் ரித்திக்கும் அங்கே. வேலாயுதத்துக்கோ ஆங் மோ கியோவை விட மனமில்லை. இங்கே காப்பிக்கடையில் அவர் வேலாயுதம். அங்கே வெறும் தாரணியின் அப்பா. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

"கோழியக் கேட்டுடலாம்," என்றார் ஒருநாள்.

அவர்களின் அடுக்குமாடி புளோக்கின் கீழே காட்டுக்கோழிகள் திரியும். தீனி போட்டால் அபராதம்.

"போடத்தானே கூடாது, சிந்தலாம் லா," என்று கண்மணி மறுநாள் காலை கறிபஃப்போடு வந்தாள். உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபஃப்தான்; கோழியிடம் கோழியை நீட்டுவது மரியாதையில்லை. அவள் கடித்தாள், தூள் சிந்தியது. சேவல் ஒரு கண்ணால் பார்த்துவிட்டுப் பெரிய மனுஷனாட்டம் நடந்து போனது.

"தெய்வம் வேணாங்குது," என்றார் வேலாயுதம்.

கண்மணி குனிந்து தூளைப் பொறுக்கினாள். கண் கலங்கியிருந்தது. "சரி, போக வேணாம்."

ஜெயித்தவரும் அவளருகே குனிந்தார். இவளை ஏமாற்றியதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"விடியக்காலையில நான்தான் அதுங்களுக்கு வயிறு முட்டச் சோறு போட்டேன், கண்மணி."

"தெரியும். சட்டியில உங்க பழையதைக் காணோமே."

"அப்புறம் ஏன் அழுவுற?"

"நீங்க கோழியக் கேட்டீங்க. நான் உங்களத்தானே கேட்டேன்."

வேலாயுதம் தரையைப் பார்த்தார். "அங்க என்னைய யாருக்கும் தெரியாது. பயமா இருக்கு."

"ரித்திக்குக்குத் தெரியும்ங்க."

மிச்சக் கறிபஃப்பை அவர் கையில் வைத்தாள். காலையிலிருந்து பட்டினி கிடந்த மனிதர் இரண்டே வாயில் விழுங்கினார். கண்மணி அதைக் கவனமாகப் பார்த்திருந்துவிட்டு, தாரணிக்குப் போன் போட்டாள்.

"அப்பா சரின்னுட்டாரு."