கிளட்சில் புகுந்த காற்று

ஒரு பௌர்ணமியன்று எங்கள் கார் வாசலைவிட்டு நகரவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று இருபது வருடம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்தப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த சித்தி, ஒரு மாதமாக எங்களோடு இருந்தாள். வலிக்காமல் எனக்குத் தலைபின்னத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அன்று அவளைத் தானே கொண்டுபோய் விட்டால்தான் மரியாதை என்று அப்பா சொல்லிவிட்டார். மத்தியானத்துக்குமேல் கிரிவலக் கூட்டத்தில் வண்டியை எடுக்க விடமாட்டார்கள். காலையில் பார்த்தால் கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே கிடந்தது. குழாயில் காற்று புகுந்திருக்கிறது, எடுத்தால் சரியாகிவிடும் என்று அப்பா காருக்கு அடியில் புகுந்தார்.

பெடலை மிதிக்க நான். பானெட்டுக்குள் இருக்கும் சின்ன டப்பாவில் ஆயில் குறையக் குறைய ஊற்ற சித்தி. நான் மிதித்துப் பிடித்ததும் அப்பா அடியில் திருகைத் தளர்த்துவார். ஆயிலோடு காற்றும் வெளியே வரும். அவர் இறுக்கிய பிறகுதான் நான் காலை எடுக்க வேண்டும். முதல் தடவையே கால் வழுக்கிவிட்டது.

“இறுக்கறதுக்குள்ள வுட்டா காத்து திரும்ப உள்ள பூந்துடும்டி!” என்று அப்பா கத்தினார்.

எனக்கு அது போதுமே! அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னதாகவே காலை எடுத்தேன்.

“இன்னாது, காத்து வந்துட்டே இருக்குது? ஏம்மா, ஆயில் ஊத்துறியா?” என்றார் அப்பா.

“ஊத்திட்டேதான் இருக்கேன் மாமா” என்றாள் சித்தி.

பன்னிரண்டு மணிக்குத் தெருமுனையில் தடுப்பு வைத்துவிட்டார்கள். அப்பா வெளியே வந்து சித்தியிடமிருந்து ஆயில் பாட்டிலை வாங்கினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பார்ட் போயிடுச்சு போல. சென்னைலேர்ந்து வரணும். பத்து நாள் ஆவும்” என்றார்.

சாயங்காலம் சித்தி எனக்கு இரட்டைப் பின்னல் போட்டபோது சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பத்து நாள் கழித்து அப்பா அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். எந்தப் பார்ட்டும் வந்ததாக நினைவில்லை.

போன மாதம் என் காரின் கிளட்சுக்கு நானே காற்று எடுத்தேன். கணவர் பெடலை மிதித்தார். நாலைந்து மிதியிலேயே டப்பா வற்றி, அதன் வழியாகவும் காற்று இறங்கத் தொடங்கியது. பதறிப்போய் ஊற்றினேன். வேலை முடிந்தபோது பாட்டிலில் பாதி காலி. அப்போதுதான் அன்று அப்பா கையில் இருந்த பாட்டில் ஞாபகத்துக்கு வந்தது. அதன் மூடியில் சீல்கூட உடைந்திருக்கவில்லை.

போக மனமில்லை என்று சித்தி சொல்லவில்லை. அனுப்ப மனமில்லை என்று அப்பாவும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், பத்து நாளோடு அவளை அனுப்பியிருக்க மாட்டோமே என்று இப்போது மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.