கறவை மாட்டு விலையில் ஒரு ஹெட்போன்

ராமநாதபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து பக்கத்து சீட்டுக்காரர் காதை மூடிய பெரிய ஹெட்போனைக் கழற்றவே இல்லை. மடியில் விமான லக்கேஜ் சீட்டு ஒட்டிய பை. அதன்மேல் இருந்த போனில் ‘வீடு’ என்று அழைப்பு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். எரிச்சலில் தோளைத் தட்டினேன். ஒரு காதை மட்டும் திறந்தார்.

“இது என்ன விலைண்ணே?”

“ஒரு கறவை மாட்டு விலை. வெளிச்சத்தம் துளிகூட உள்ள வராது.”

“அதுக்காக வீட்டுப் போனை எடுக்க மாட்டீகளா?”

“அய்யா இழுத்துக்கிட்டுக் கெடக்காக. ஊரு போற வரைக்கும் எதுவும் காதுல விழக் கூடாது.”

சாயல்குடிக்கு முன்னால் அவர் ஊர் பிரியும் விலக்கில் பஸ் நின்றது. ஊருக்குள்ளிருந்து சங்கும் சாவுக்கொட்டும் கேட்டன. பையைத் தோளில் மாட்டி எழுந்தவர் என் முகத்தைப் பார்த்தார். கழற்றவில்லை. ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு இறங்கினார்.

அந்த விலையை அதிகமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.